நான்காம் ரீலுக்கு முன்னால் ஐந்து

தூசியக்கா என்றால் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கும். பழைய படங்களைக் கணினியில் ஏற்றியபின் ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்து, அதில் விழுந்த தூசி, கீறல், மயிரிழை எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து உழைத்தால் திரையில் ஓர் ஆள் மாடிப்படி ஏறி முடித்திருப்பான். அவ்வளவு மெதுவான வேலை. இதைச் சலிக்காமல் செய்யத் தனி புத்தி வேண்டும், அவளுக்கு இருந்தது. வீட்டில் ஒட்டடை அடிக்க மட்டும் அவளுக்குக் கை வராது.

அது குழந்தைகளுக்குப் படம் எடுக்கிற ஸ்டூடியோ. படம் தொடங்குமுன் ஒரு முயல் ஓடிவந்து காதை ஆட்டும். அந்த முயலைப் பார்த்துவிட்டால் பெற்றவர்கள் நிம்மதியாகக் கண்ணயரலாம். யாரும் சாக மாட்டார்கள், யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஸ்டூடியோ நாற்பது வருடத்துக்கு முன்னால் கிறுக்குப் பிடித்ததுபோல மூன்று பயங்கரமான படங்களை எடுத்தது. பெரிய முதலாளி படுக்கையில் விழுந்துவிட, இளைய மகன் கைக்குப் பொறுப்பு வந்திருந்தது. குழந்தைகளுக்குப் பயப்படப் பிடிக்கும் என்பது அவருடைய கட்சி. அந்த மூன்று படத்துக்கு முன்னாலும் அதே முயல் வந்து காதை ஆட்டியதுதான் கொடுமை. அம்மாக்கள் ஏமாந்தார்கள், குழந்தைகள் தியேட்டர் தியேட்டராக அலறின. மூன்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டூடியோ மறுபடியும் பாட ஆரம்பித்தது.

இப்போது அந்தப் படங்களுக்குத் திடீர் மவுசு. அன்றைக்கு அலறிய குழந்தைகள் தலை நரைத்தபின், அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பயத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிற ஜாதி மனித ஜாதி ஒன்றுதான். முதல் இரண்டு படத்தையும் தூசியக்கா ரசித்தே துடைத்தாள். ஒன்றில் பொம்மைகள் படுக்கைக்கு அடியில் கூட்டம் போட்டுப் பேசின. இன்னொன்றில் பள்ளிக்கூட மணியை அடித்துக்கொண்டிருந்தவருக்குத் தலையே இல்லை. முயல் படத்தில் இதை எவன் யோசித்தான், எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று வியந்து வியந்து பார்த்தாள்.

மூன்றாவது படம் ‘கண்ணாடிக் குளம்’ என்று சொன்னார்கள். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், “நானே பாக்கறேன்” என்றாள். பயம் இருந்தது. தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

காரணம் இருக்கிறது. ஏழு வயதில் அவள் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவள். அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று குழந்தைகளிடம் பெரியவர்கள் புளுகியிருந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் “இனி பிழைக்க மாட்டா” என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. பிள்ளைகள் முகம் வாடிக் கிடக்கிறதே என்று சித்திதான் அவளையும் அண்ணனையும் படத்துக்குக் கூட்டிப்போனாள். முயல் படம்தானே, என்ன வந்துவிடப் போகிறது?

படத்தில் ஒரு குடும்பம் குளக்கரை வீட்டுக்குக் குடி வருகிறது. அந்த வீட்டு அம்மாவைக் குளத்துக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். ஒருநாள் அவள் தண்ணீருக்குள் நடந்துபோகிறாள், தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொள்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்து, வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவும் அவளுடைய நாற்காலியில் இருக்கிறாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவள் முன்னால் தட்டு இல்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை, பேசவில்லை. அவள் எழுந்து போய் மகள் தலையில் கை வைக்கிறாள். மகள் திரும்பவே இல்லை. அந்த இடத்தில் ஏழு வயதுக்காரி போட்ட கூச்சலில் சித்தி இரண்டு பேரையும் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு மேசையில் வந்து உட்கார்ந்தாள். குழந்தைக்கு ஒரு சந்தேகமும் இல்லை: இது செத்துப்போன அம்மா. மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை. அம்மா கையை நீட்டினால் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள், சித்தி முந்தானைக்குள் ஒளிந்தாள். இப்படி எத்தனையோ மாதம். அப்புறம் பயம் தெளிந்தது. ஆனால் அதற்குள் அம்மா கையை நீட்டுவதை நிறுத்தியிருந்தாள். அண்ணன் தலையை வருடுவாள், கன்னத்தைக் கிள்ளுவாள். இவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, துவைத்த துணி, அவ்வளவுதான். வளர்ந்த பின்னும் ஏதாவது பேச்சு தடித்தால் ஒரே குத்தல்: “உனக்கு உன் சித்திதானே அம்மா?” சித்தி செத்தபின்னும் அது நிற்கவில்லை. அப்பாவும் போனபின் அம்மா இவளோடுதான் இருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

இவள் ஒருமுறை அம்மாவிடம் காரணத்தைச் சொல்லிப் பார்த்தாள். அண்ணன் கெடுத்துவிட்டான். அவன் பெரியவனான பின், பூட்டிவைத்த அந்தப் படம் எப்படியோ ஒரே ஒருமுறை தொலைக்காட்சியில் வந்தபோது முழுசாகப் பார்த்தவன்.

“அந்தம்மா சாகவே இல்லையே. கடைசில காப்பாத்திடுவாங்க. செத்தவ வந்து சாப்பிட உக்கார்ற சீனெல்லாம் கிடையாது. இவளா கதை கட்றா” என்றான்.

“தியேட்டர்ல நீயும்தானே இருந்தே?”

“இருந்தேன். நல்லா கண்ணைத் திறந்து வெச்சுப் பாத்தேன்.”

அவன் சித்தியின் கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் படத்தைப் பார்த்தவன் சொல்வதுதான் எடுபட்டது. ‘கதைகட்டி’ என்ற பட்டம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. சாக்குச் சொல்கிறாள் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகப் போக அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தொலைக்காட்சியில் போட்டபோது அவள் வீட்டைவிட்டே வெளியே போயிருந்தாள். இப்போது தப்பிக்க வழியில்லை. அப்படி ஒரு காட்சி இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்தே ஆகவேண்டும்.

படம் ஆறு ரீல். முதல் மூன்றும் வந்தன, துடைத்தாள். நான்காவதில், பழைய சுருள் கெடத் தொடங்கினால் வருகிற புளித்த வாடை அடித்ததால் அதைத் தனி அறையில் வைத்துப் பக்குவம் செய்துகொண்டிருந்தார்கள். வேலை நிற்கக்கூடாது என்று ஐந்தாவதை ஏற்றி அனுப்பினார்கள். எது முதலில் தயாரோ அதை முதலில் துடைப்பதுதான் அங்கே வழக்கம். கதை எப்படிப் போனால் தூசிக்கு என்ன? ஐந்தாவதில் அம்மா குளத்துக்குள் போனாள். ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்ததில் அந்தத் தண்ணீர் மூடுவதற்கே ஒரு வாரம் பிடித்தது. சாப்பாட்டு மேசை வரவில்லை. அண்ணன் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் அம்மாவை இல்லாத ஒன்றுக்காகவா தள்ளி வைத்தோம்?

அதற்கப்புறம்தான் நான்காவது ரீல் வந்தது. சத்தம் இல்லாத படமாக ஓடவிட்டாள். வீட்டின் உள்பக்கம், ஜன்னலுக்கு வெளியே மழை, மேசை, அப்பா, பிள்ளைகள். நாற்காலியில் அம்மா, ஈர முடி, தட்டு இல்லாத இடம். தூசியக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். நான்கு. இது குளத்துக்கு முந்தின ரீல். அவள் செத்துப்போய் வரவில்லை, மழையில் நனைந்து வந்திருக்கிறாள்.

ஓட்டமாக ஓடிக் கத்திரி சாரிடம் கேட்டாள். அவர் அந்தப் பிரிவுக்குத் தலைவர், அந்தக் காலத்தில் எடிட்டிங்கில் உதவியாளராக இருந்தவர், அதனால் அந்தப் பெயர்.

“மேசையில யாரும் ஏன் சார் அவகிட்டப் பேசல?”

“சண்டைம்மா. மூணாவது ரீல் கடைசில மகளோட பொம்மையக் குளத்துல தூக்கிப் போட்டுடுவாளே. வீடே அவமேல கோவமா இருக்கும். இவ கோவிச்சுக்கிட்டு சாப்பாடு வேணாம்னு சொல்லிடுவா.”

“தியேட்டர்ல நாலுக்கு முன்னாடி அஞ்சு ஓடியிருக்குமா சார்?”

அவர் சிரித்துவிட்டார். “ஏன் ஓடாது? டப்பா எல்லாம் ஒரே அளவு, நம்பரு மூடி மேலதான் ஒட்டியிருக்கும். ரெண்டு மூடியக் கழட்டித் துடைச்சு மாத்தி மூடிட்டா முடிஞ்சுது. படச்சுருள் தொடக்கத்துலயும் நம்பர் இருக்கும், ஆனா அவசரத்துல எந்த ஆபரேட்டர் அதைப் பாத்தான்? நாங்களே அப்படி அனுப்பித் திட்டு வாங்கியிருக்கோம். ஒரு ஊர்ல கல்யாணத்துக்கு முன்னாடியே குழந்தை பொறந்துடுச்சு.”

தூசியக்கா அன்றைக்கு மத்தியானமே விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். இவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மூடி, ரீல், ஈர முடி, தட்டு. அம்மா இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“அப்ப உனக்கு எதுவும் தெரியாதா?” என்றாள்.

“எதும்மா?”

“ஆஸ்பத்திரில எனக்குச் சரியாயிடுச்சுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. நான் வீட்டுக்கு வந்தா, நீ என்னை செத்தவளைப் பாக்கற மாதிரி பாத்தே. எனக்கு உயிரே போயிடுச்சு. நான் பிழைக்க மாட்டேங்கறதை எல்லாரும் என்கிட்ட மறைக்கறாங்க, இந்தக் குழந்தை காதுல மட்டும் எப்படியோ விழுந்திருக்குன்னு நினைச்சேன்.”

“கேட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டா நீ ஆமான்னு சொல்லிட்டா?” அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “போகப்போறவ எதுக்கு உன்னை ஒட்டவிடணும்னு இருந்துட்டேன். சித்திகிட்ட ஒட்டிக்கட்டும், நாளைக்கு அவதானே பாத்துக்கப் போறா. அப்புறம் பாத்தா, நான் போகவே இல்லை. நீயும் திரும்பி வரல.”

சித்தி பெயரைச் சொல்லி அம்மா குத்திக் காட்டியபோதெல்லாம் அது பொறாமை என்றுதான் தூசியக்கா நினைத்திருந்தாள். இவள் அவளுக்குப் பயந்திருக்கிறாள், அவள் இவளுக்குப் பயந்திருக்கிறாள். நடுவில் ஒரு ஆபரேட்டர் மூடியை மாற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அம்மாவுக்கும் வந்தது போல. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“எனக்கு அதைப் போட்டுக் காட்டு” என்றாள் அம்மா. “சரியா வேணாம். நீ எப்படிப் பாத்தியோ அப்படி.”

கத்திரி சார் அனுமதி கொடுத்தார். ஸ்டூடியோவின் சின்ன அரங்கில் அம்மாவை நடு நாற்காலியில் உட்கார வைத்து, மூன்றுக்கு அப்புறம் ஐந்து, ஐந்துக்கு அப்புறம் நான்கு என்று ஓட்டினார்கள். ஒலி சேர்த்த பிரதி. தண்ணீர் மூடியபோது அம்மா அசையவில்லை. சாப்பாட்டு மேசை வந்தது. கரண்டிச் சத்தமும் கூரையில் மழைச் சத்தமும் மட்டும் கேட்டன. அம்மா முன்னால் சாய்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். திரையில் இருந்த அம்மா எழுந்து போய் மகளின் தலையில் கை வைத்தாள்.

“இந்தப் பொண்ணு ஏன் திரும்பல?”

“சரியான வரிசைல பாத்தா, கோவம்மா. மாத்திப் பாத்தா, அம்மா வந்திருக்கறதே அவளுக்குத் தெரியாது.”

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எதுவா இருந்தா என்ன, ஒரு தரம் திரும்பிப் பாத்திருக்கலாம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “இந்தம்மாவும் வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம்” என்றாள்.