அடுத்த வீட்டில் வைத்த விளக்கு

நெல்லியாளம் நகராட்சியின் ஓரத்தில், தேயிலைச் சரிவை ஒட்டிய குடியிருப்பில் சுகுணாவின் வீடு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, சமையலறை, அதன் பின்னால் பிறகு தகரம் வேய்ந்து சேர்த்த ஒரு சிறிய அறை. சுகுணா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். கணவர் ரவிக்குமார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேருந்தை ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை வருவார். மாமனார் பரமசிவன் இளவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வீட்டின் முன்னறையை அவர் கடைசிவரை ‘காம்பரா’ என்றே சொன்னார். அங்கே லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த ஒற்றை அறைக்கு அதுதான் பெயர்.

சுகுணாவும் அப்படியோர் அறையில் பிறந்தவரே. கூடலூரில் கடை வைத்திருக்கும் சித்தி மகள் ராஜப்ரியாவின் வீட்டுக்கு முதன்முறை போனபோது, மழையில் நனைந்த சேலையோடு அவரைச் சோபாவில் உட்காரச் சொன்னார்கள். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். சோபாத் துணியில் பதிந்த ஈரத்தை ராஜப்ரியா ஒரு கணம் பார்த்தாள். தன் வீட்டில் ஒரு சோபா இருந்துவிட்டால் இந்தக் கூச்சம் தீர்ந்துவிடும் என்று சுகுணா அன்று முடிவு செய்தார்.

சோபா வந்தது. வாசல் குறுகல் என்பதால் கூடலூரின் மலையாளித் தச்சர் சசிதரன் மரத்தை உள்ளே கொண்டுவந்து, அங்கேயே இழைத்துப் பூட்டி, மெத்தை தைத்தார்.

“சேச்சி, ஒரு காரியம். இது இனி வெளிய வராது கேட்டோ.”

“எதுக்குங்க வெளிய வரணும்?” என்றார் சுகுணா.

கூச்சம் மட்டும் தீரவில்லை. சோபாவுக்கு எதிர்ச்சுவர் மொட்டையாகத் தெரிந்தது. கண்ணாடி அலமாரி அடித்தார். அலமாரி காலியாக இருந்தது. பீங்கான் தட்டுகள் வாங்கினார். தட்டுகளுக்குத் தகுந்த மேசை இல்லை. ஒவ்வொரு பொருளும் வந்த வாரம் நிறைவாக இருந்தது. மறுவாரம் இன்னொன்றின் குறை கண்ணில் பட்டது. இதற்கிடையில் பரமசிவனின் கட்டிலுக்கு முன்னறையில் இடம் இல்லாமல் போயிற்று.

“வர்றவங்க பார்த்தா நல்லாருக்காதுங்க மாமா” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியவர் தலையணையைத் தாமே எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். பகல் முழுவதும் அடுத்த வீட்டு வேலாயியின் முன்னறையில் இருப்பார். வேலாயி எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. அவருடைய அறையில் ஒரு பாயும் சுவரில் ஒரு காலண்டரும்தான்.

ஆடி மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் பரமசிவன் இறந்தார். ஊட்டிச் சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் ரவிக்குமார் மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும் என்றார்கள். அதுவரை உடலை வைக்கப் பந்தலூரிலிருந்து ஃப்ரீசர் பெட்டி வந்தது. வாசலில் பந்தல் போட வழியில்லை. சேறும் சரிவுமாக இருந்தது. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் முன்னறைக்குள் நுழைத்தார்கள். அது சோபாவின் கையில் முட்டி நின்றது.

“கொஞ்சம் சாய்ங்கப்பா.”

“சாய்ச்சாலும் திரும்பாது. மொதல்ல சோபாவத் தூக்கி வெளிய வைங்க.”

நான்கு பேர் தூக்கினார்கள். காலைக் கழற்றினார்கள், தலைகீழாகப் புரட்டினார்கள். வாசல் விடவில்லை. சுவரோடு நிமிர்த்திப் பார்த்தும் பெட்டி திரும்ப இடம் போதவில்லை.

“இது எப்படிம்மா உள்ள வந்துச்சு?” என்று தொழிற்சங்கத்து மனோகரன் கேட்டார்.

“உள்ளயே செஞ்சதுங்க” என்றார் சுகுணா. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

“நல்லாருக்கு. சோபா பொறந்த ஊட்ட விட்டு நகராது. பெரியவருதான் வெளிய நிக்கணுமாக்கும்” என்றார் மனோகரன்.

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் கோடாலி எடுத்து வரட்டுமா என்றார். இரண்டு போட்டால் வழி கிடைத்துவிடும். எல்லோரும் சுகுணாவைப் பார்த்தார்கள். சுகுணா சோபாவைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, ஒரு மூச்சு விடும் நேரம்தான். ஆனால் அவர் யோசித்ததை அங்கிருந்த அத்தனை பேரும் கண்டார்கள்.

“எதுக்கு ஒடைக்கிறீங்க?” என்றார் வேலாயி. “நம்ம ஊட்டுக்குத் தூக்கியாங்க. மனுசன் தெனமும் ஒக்காந்த எடந்தானே.”

பரமசிவன் வேலாயியின் அறையில், தெற்கே தலைவைத்துக் கிடத்தப்பட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் சுகுணாவின் வீட்டுக்குப் போய், உள்ளே எட்டிப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். மழையில் நின்று ஒவ்வொருவருக்கும் சுகுணா அடுத்த வீட்டைக் கைகாட்டினார். ராஜப்ரியா மாலையோடு உள்ளே போய்ச் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சோபா ரொம்ப நல்லாருக்குக்கா. எப்ப வாங்குன?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆமா, மாமாவ எங்க?”

சோபாவைப் பற்றிய அந்தப் பாராட்டுக்குத்தான் சுகுணா எத்தனையோ நாள் காத்திருந்தார். இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

உடல் கிடந்த இடத்தில் காரியம் முடியும்வரை விளக்கு எரிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆகவே அடக்கம் முடிந்த பிறகும் ஒவ்வொரு மாலையும் சுகுணா எண்ணெய்க் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முதல் சில நாட்கள் திரியைத் தூண்டிவிட்டு, வேலாயியின் முகத்தைப் பாராமல் திரும்பினார். ஒருநாள் மழை வலுத்தது, பாயில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கே ஒடைங்கன்னு சொல்லியிருக்கணும்க்கா.”

“ஒடைச்சா வெறகுதான். அதுவும் இந்த மழையில எரியாது.”

சுகுணா சிரிக்கவில்லை. “மாமா என்னப் பத்தி எதாச்சும் சொல்லுவாருங்களா?”

“சொல்லாம? மருமவ காம்பராவ அம்புட்டு அழகா வெச்சிருக்குது, நாம போயி அழுக்காக்கப்படாதுன்னுவாரு.”

“கிண்டலாங்களா?”

“அவருக்கு எங்க புள்ள கிண்டல் தெரியும்?”

சுகுணா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். நிமிர்ந்தபோது எதிரே வெறுஞ்சுவர் இருந்தது. அதில் எதையும் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று மனம் சொல்லவில்லை. விளக்கு எரிந்தது, வேலாயி வெற்றிலை மென்றுகொண்டு மழையைப் பார்த்திருந்தார். வெட்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதை மறைக்க ஒரு பொருளைத் தேடும் பரபரப்பு அன்று வரவில்லை. அதன்பின் நாள்தோறும் உட்கார்ந்தார்.

காரியத்துக்கு முதல்நாள் ரவிக்குமார், “சோபாவச் செவுத்தோட நிமித்தி வெச்சிரலாம். நம்ம ஊட்லயே காரியத்த வெச்சுக்குவோம். சொந்தமெல்லாம் வருது” என்றார்.

“வேண்டாங்க. வேலாயி அக்கா ஊட்லயே வெச்சுக்கலாம். கேட்டுட்டேன்.”

“மறுபடியும் பேசுவாங்க சுகுணா.”

“பேசட்டுங்க. பேசுற மாதிரிதானே நடந்துக்கிட்டேன்.”

மறுநாள் உறவினர்கள் வந்தபோது சுகுணா வேலாயியின் வாசலில் நின்றார். ஏன் இங்கே என்று கேட்டவர்களிடம், “எங்க ஊட்ல மாமாவுக்கு எடமில்லாம பண்ணிட்டேங்க” என்று அவரே சொல்லி, உள்ளே அழைத்துப் போய்ப் பாயில் உட்காரவைத்தார்.