விசிலும் ஒரு பாட்டில் காப்பியும்

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நாட்கள். சிரம்பானிலிருந்து சுவா பக்கம் போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு மண்டோர் வேலை கிடைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. பால்வெட்டுக்காரர்களைக் காலையில் வேலைக்கு அனுப்பி, மரத்துக்கு மரம் போய் மேற்பார்வை பார்ப்பதுதான் மண்டோர் வேலை. அதுவரை நானும் கத்தியும் வாளியுமாக அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு விசிலைக் கொடுத்தார், என் கழுத்து நிமிர்ந்துகொண்டது. என் மனைவியின் கழுத்து என்னுடையதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகவே நிமிர்ந்தது.

அப்போது நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வெளியே போக ஒரே கேட். ஊரடங்கு முடிந்து காலை ஆறு மணிக்குத்தான் அதைத் திறப்பார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதால், ஒரு பிடி அரிசி, ஒரு பிஸ்கட், ஒரு கரண்டி சீனிகூட அந்த கேட்டைத் தாண்டக் கூடாது. காப்பி கொண்டு போகலாம், ஆனால் பாலும் சீனியும் இல்லாத வெறும் கறுப்புக் காப்பியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் 'கோப்பி ஓ'வாக இருக்க வேண்டும். மீறினால் ஜெயில். அதனால் ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஆண்களை ஒரு மலாய்க் காவலர், பெண்களை ஒரு பெண்மணி.

இதில் ஒரு சங்கடம். ரப்பர் மரம் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் நிறுத்திக்கொள்ளும். "மரம் என்னா, நம்ம கேட்டு தொறக்குற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?" என்று எங்கள் ஆட்கள் புலம்புவார்கள். துரைக்கும் அதே கவலை. என்னைக் கூப்பிட்டு, ஆறரைக்குள் நூற்றிருபது பேரும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார். ஒரு மாதம் பார்ப்பாராம். சரிப்படாவிட்டால் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் பழையபடி என் மரங்களுக்குப் போய்விட வேண்டியதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. மளிகைச் சாமான் சுற்றி வருகிற காகிதத்தைப் படித்துப் படித்தே எழுத்துக் கூட்டியவன். அப்படிப்பட்டவன் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும்? பதினான்கு விதிகள் எழுதினேன். கேட் கம்பத்தில் சோற்றுப்பசை தடவி ஒட்டினேன். ஆட்களின் பேர் எழுதிய பேரேட்டில் இருக்கிற வரிசைப்படி நிற்க வேண்டும். முதல் விசிலுக்கு வரிசை, இரண்டாம் விசிலுக்கு நகர்வு. வேலை முடிந்து திரும்பும்போது நான் தலைகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வேன். எட்டாவது விதிதான் எனக்கு ரொம்பப் பெருமை. சோதனை சீக்கிரம் முடிவதற்காக எல்லோரும் கத்தி, வாளி, காப்பிப் பாட்டில் மூன்றையும் கேட் ஓரத்தில் முன்கூட்டியே ஒரே குவியலாக வைத்துவிட வேண்டும். காவலர் குவியலை மொத்தமாகப் பார்த்து முடித்துவிடுவார். ஆட்கள் கையை வீசிக்கொண்டு கேட்டைத் தாண்டி, அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். எவ்வளவு அழகான யோசனை!

பதினைந்து வருஷம் பால் வெட்டிய எனக்கு அது எப்படி மறந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பால்வெட்டுக் கத்தியை ஒவ்வொருவரும் தன் கைக்கு ஏற்றபடி தீட்டி வைத்திருப்பார்கள். பெண்டாட்டியின் கத்தியைப் புருஷன் தொட மாட்டான். அடுத்தவர் கத்தியால் வெட்டினால் பட்டையில் காயம் விழும், மரம் கெடும். நூற்றிருபது கத்தி, நூற்றிருபது வாளி, எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை!

மறுநாள் காலை அந்தக் குவியலைச் சுற்றி நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும். ஒருவர் கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் தடவிப் பார்ப்பார், தூக்கிப் போடுவார். இன்னொருவர் அதை எடுத்துத் தடவுவார், போடுவார். ஒவ்வொரு காப்பிப் பாட்டிலையும் இரண்டு பேர் இழுத்தார்கள். நான் விசில் ஊதினேன். ஊத ஊதச் சத்தம்தான் கூடியது. தன் பாட்டியின் வாளி என்று ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்ட ஒருத்தியிடம், பாட்டி செத்தபோது அதையும் சேர்த்துப் புதைத்ததாகத்தானே கேள்வி என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். பேரேட்டு வரிசையில் கடைசியாக நின்றவர்களுக்குத்தான் மரங்களும் தோட்டத்தின் கோடியில், கடைசிக் காட்டில். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் முதுகில் ஏறியிருந்தது. அன்றைக்குப் பால் தொட்டியில் தரை தெரிந்தது.

துரை கத்தவில்லை. சனிக்கிழமை ஒரு போலீஸ் அதிகாரியோடு கேட்டுக்கு வந்து பார்ப்பதாக மட்டும் சொன்னார். அன்றைக்கும் இப்படி இருந்தால் விசிலைத் தயாராக வைத்திரு என்றார்.

நான் பால் வெட்டிய காலத்தில் எனக்கு அடுத்த மர நிரையில் ஒரு பெண் வெட்டினாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நல்ல வாய். சிரித்தால் மூன்று லயம் தள்ளிக் கேட்கும். முன்பெல்லாம் என்னை "அண்ணே" என்பாள். விசில் வந்த நாளிலிருந்து, பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "மண்டோரய்யா" என்று இழுப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள். குவியலில் எதையும் வைக்காமல், பாட்டிலைத் தானே திறந்து பிடித்தாள். வாளியைத் தானே கவிழ்த்துக் காட்டினாள். இரண்டு கையையும் தூக்கி, சோதிக்கிற பெண்மணியிடம், "பாருங்கக்கா, இடுப்புல சதைதான் இருக்கு, அரிசி இல்ல லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவளைப் போலப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். அவள் திரும்பி, "கடைசிக் காட்டு ஆளுங்க முன்னால வாங்க. ஆத்தோர ஆளுங்க, ஒங்க மரம் கூப்புடு தூரம், பின்னால நில்லுங்க!" என்றாள். யாரும் பட்டியல் கேட்கவில்லை. ஆறு இருபத்தைந்துக்கு கேட் காலி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராக ஆபீசுக்குப் போய், என் திட்டம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று துரையிடம் சொன்னேன். திரும்பி வந்து பதினைந்தாவது விதியை ஒட்டினேன்: 'பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு வரவும்.' மறுநாள் யாரோ அதைச் சத்தமாகப் படிக்க, அவள் குனிந்து நிமிர்ந்து சிரித்தாள். "நல்ல வேள எழுதிப் போட்டீங்க மண்டோரய்யா. எனக்குத் தெரியாமப் போயிருக்கும்" என்றாள். நான் கேட்காதது மாதிரி விசிலைத் துடைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. வரிசை ஒழுங்காக நின்றது. துரையின் கார் ரப்பர் ஸ்டோர் வளைவில் திரும்புவது தெரிந்தது. அவள் என்னிடம் வந்தாள்.

"மண்டோரய்யா, இன்னைக்கு நீங்களும் வரிசைல நில்லுங்க. வெள்ளக்காரரு பாப்பாரு."

"என்னை யாரு சோதிக்கிறது? நான் மண்டோரு."

"அதான் கேக்குறேன். இந்த ஒரு வாரமா ஒங்கள யாராச்சும் சோதிச்சாங்களா?" என்றபடி என் தோளில் தொங்கிய பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் கண்டது அன்றைக்குத்தான்.

உள்ளே இருந்தது பால் காப்பி. டின்பால் ஊற்றி, சீனி போட்டது. மண்டோர் ஆகிவிட்டவர் வெறும் கறுப்புத் தண்ணீரைக் குடிப்பதாவது என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள். அவளாகச் செய்தாள், நானாகக் குடித்தேன். விதி எழுதிய என் கையில், ஐந்து நாளாக அந்தக் காப்பி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை எனக்குப் பயமில்லை, விதிகளெல்லாம் மற்றவர்களுக்குத்தானே! இப்போது விசில் போவது இருக்கட்டும், ஆளே ஜெயிலுக்குப் போகப்போகிறேன். கீழே கொட்டலாம் என்றால் ஒரு பாட்டில் காப்பி, மண்ணில் தேங்கிப் பால் நிறத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு ஓடலாம் என்றால் கார் கண்ணுக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

அவள் பாட்டிலைப் பின்னால் நின்றவர் கையில் கொடுத்தாள். "ஒரு வாய் குடிச்சிட்டுப் பின்னால குடுங்க. வேலிக்கு உள்ள குடிச்சா குத்தம் இல்ல. சீக்கிரம்!"

நான் பேரேட்டு வரிசையில் நிறுத்தி வெயிலில் வாட்டியவர்கள் அவர்கள். என்னை மாட்டிவிட ஒருவர் 'வேணாம்' என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. பாட்டில் வாய்க்கு வாய் போனது. ஒருவர் குடித்துவிட்டு, "மண்டோரு வீட்டுல சீனிக்குப் பஞ்சமே இல்ல போல" என்றார். இன்னொருவர் இரண்டு வாய் குடித்ததற்கு அடி வாங்கினார். கடைசியில் அது வேலி ஓரமாக நின்ற காவலரிடமே வந்துவிட்டது. எனக்கு உயிரே இல்லை. அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிச்சத்தைக் குடித்தார். "மானிஸ்" என்றார். இனிப்பாக இருக்கிறதாம்.

அவள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி மண்ணில் ஊற்றினாள். பிறகு தன் பாட்டிலில் இருந்த கோப்பி ஓ முழுவதையும் என் பாட்டிலில் சாய்த்து, என் தோளில் மாட்டி, "மொத ஆளா நில்லுங்கண்ணே" என்றாள்.

அண்ணே என்றாள். அதற்குள் கார் வந்து நின்றது.

அதிகாரி மண்டோரைத்தான் முதலில் சோதிக்கச் சொன்னார். மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, வரிசையில் ஏன் இத்தனை பேர் உதட்டை நக்குகிறார்கள் என்று துரையிடம் ஏதோ கேட்டார். துரைக்குத் தெரியவில்லை. ஆறு இருபதுக்கு கேட் காலியானதும் துரை என் கையைக் குலுக்கி, நல்ல நிர்வாகம் என்று பாராட்டினார். வேலிக்கு வெளியே இருபது பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அன்று காலை ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நான் அவளுடைய கசப்புக் காப்பியைக் குடித்தேன். அவள் அன்றைக்கு ஒன்றும் குடிக்காமல்தான் வெட்டினாள். சாயங்காலம் நான் விதிகளைக் கம்பத்திலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தபோது வந்து, "எல்லாத்தையும் கிழிக்காதீங்கண்ணே. திரும்பி வர்றப்ப தலைய எண்ணுறீங்களே, அத மட்டும் வுட்றாதீங்க. காட்டுல ஒரு ஆளு நின்னுட்டா எனக்குத் தெரியாது, ஒங்க நோட்டுக்குத்தான் தெரியும்" என்றாள். அதனால் ஒரே ஒரு விதி மிஞ்சியது.

திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணிக்கு முதல் ஆளாக நான் நின்றேன். பாட்டிலைத் திறந்து பிடித்தேன். பின்னாலிருந்து, "கறுப்புதானே அண்ணே?" என்று தினமும் ஒரு குரல் வரும், வரிசை சிரித்துக்கொண்டே நகரும். விசில் மழையில் துருப்பிடித்தது.

இப்போது சிரம்பான் ரஹாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் மருமகள் பால் காப்பி கொண்டு வந்து வைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவர்கள் நினைத்திருந்தால் என்னை என்ன செய்திருக்கலாம் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் முதல் வாய் குடிக்கிறேன்.