மேனேஜருக்குத் தெரிந்த விசேஷம்

போன வாரம் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அனுப்ப மெயில் ஐடி கேட்டார்கள். பழக்கதோஷத்தில் ஆபீஸ் மெயிலைக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, விசேஷமாமுங்க. ரொம்ப சந்தோஷம். ஈரோடு பிராஞ்ச் பொறுப்ப இனி ரமேஷ் பாத்துக்கட்டுமுங்க. நீங்க அலைய வேண்டாம்."

நான்கு வருடம் உழைத்து வாங்கிய பொறுப்பு அது.

"உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"கம்பெனி மெயிலுங்களே. வர்றதெல்லாம் நாங்க பாக்கறதுதானுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

இத்தனை 'ங்க' போட்டு அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்க எங்கள் கோயமுத்தூரில்தான் முடியும்.

மூன்று மாதம் முடியட்டும் என்று அம்மாவிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் மேனேஜரே ஒரு மெயில் போட்டுவிடட்டும். சிசியில் என்னையும் சேர்த்தால் போதும்.