குடமில்லாமல் உட்கார்ந்த மறியல்

ஸ்டாலின்கிராட் என்ற ஒரே ஊரில் நடந்த சண்டைதான் இரண்டாம் உலகப் போரையே திருப்பிப் போட்டது என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் சொன்னபோது, நான் வகுப்பில் எழுந்து நின்றுவிட்டேன்.

"அதுக்கப்புறமும் ரெண்டு வருஷத்துக்கு மேல சண்டை நடந்துச்சே சார். அதுல செத்தவங்களப் பெத்தவங்ககிட்டப் போயி, போர் அன்னிக்கே திரும்பிருச்சுன்னு சொல்ல முடியுமா?"

"உக்காரும்மா. பரீட்சையில இப்படி எழுதி வைக்காத."

பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன். மதிப்பெண் போனது. போகட்டும். ஜெயித்த சண்டையின் லட்சணத்தை அந்த மாதம்தான் எங்கள் தெருவில் பார்த்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாடு ஊரறிந்தது. எங்கள் தெருவுக்குக் குழாயே கிடையாது. எப்போதாவது லாரி வரும். அதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். ஆள் வேலைக்குப் போயிருந்தாலும் குடம் இடம் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனாலும் செல்லும். அதை யாராவது நகர்த்தினால் அன்று தெருவே நாறிவிடும்.

குழாய் கேட்டு, சாணார்பட்டி போகும் சாலையில் மறியல் செய்தோம். வெங்காய மண்டியில் வேலை பார்த்த அம்மாதான் முன்னால் உட்கார்ந்தாள். சாலை முழுக்கக் காலிக் குடங்களைப் பரப்பி வைத்தோம். பஸ்கள் நின்றுவிட்டன. நகராட்சி அதிகாரி ஜீப்பில் வந்தார். பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி வந்து ஓரமாக நின்றது. அவ்வளவுதான். கோஷம் போட்டவர்களெல்லாம் பழக்கதோஷத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வரிசை கட்டினார்கள். யார் முன்னால் என்று எங்களுக்குள்ளேயே சண்டை. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தன. ஜெயித்துவிட்டோம் என்று தெருவே கொண்டாடியது. அதற்குப் பிறகு லாரிகூட ஒழுங்காக எட்டிப் பார்க்கவில்லை.

வகுப்பில் வந்த கோபம் ஆறாமலே அம்மாவிடம் சொன்னேன். "மறுபடி உக்காருவோம். ஆனா ஒருத்தரும் குடம் கொண்டாரக் கூடாது."

"கிறுக்கா புடிச்சிருக்கு? வீட்டுல குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. லாரி வந்தா சேலையிலயா புடிக்கிறது?"

"புடிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அம்மா என்னை முறைத்தாள். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொல்லி, எல்லோரிடமும் திட்டு வாங்கியவளும் அவள்தான்.

அடுத்த மறியலன்று வெயில் கொளுத்தியது. அதே ஜீப், அதே லாரி. இந்த முறை லாரியின் குழாயைத் திறந்தே விட்டார்கள். தண்ணீர் தார்ச்சாலையில் வீணாக ஓடியது. என் பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்து அழுதே விட்டாள். பாதிப் பேர் எழப் பார்த்தார்கள். கையில் எதுவும் இல்லை. மறுபடி உட்கார்ந்தார்கள்.

"குடமெல்லாம் எங்கம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"வீட்டுல இருக்கு. குழாயக் கொண்டாந்து போடுங்க, வச்சுப் புடிச்சுக்கிறோம்" என்றாள் அம்மா.

அன்று கிடைத்தது வாய்வார்த்தை மட்டும்தான். அதற்குப் பிறகும் உட்கார்ந்தோம், போலீஸ் வேனில் ஏறினோம், இறங்கி மறுபடி உட்கார்ந்தோம். எங்கள் தெருவைத் தோண்ட ஆட்கள் வந்தபோது இரண்டாயிரமாவது வருஷமே பிறந்திருந்தது. எந்த மறியல் குழாயைக் கொண்டுவந்தது என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

குழாயில் தண்ணீர் வந்த அன்று பிள்ளைகள் வெடி வெடித்தார்கள். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகினாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"பின்தெருவுக்கு இன்னும் வரலையே. அவுக இன்னைக்கு உக்காருறாக" என்றாள்.

நானும் செருப்பை மாட்டினேன்.