பால் வரிசையில் முதல் ஆள்

எழுபதுகளில் மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைப் பால் டிப்போவில், ஆளுக்கொரு கல் போட்டு வரிசையில் இடம் பிடிப்போம். முதல் கல் ஒரு பெரியவருடையது. அது ராத்திரியும் அங்கேயே கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள்.

எண்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்தவர்களை எண்ணுவார். "இன்னா, டீச்சரம்மாவ காணோம்? பையனுக்கு ஜொரம்னு சொல்லிச்சே" என்று கவலைப்படுவார்.

வாங்கிய பாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார். "நீங்க குடிக்கறதில்லையா?" என்றேன் ஒருநாள்.

"பால் நமக்கு ஆவாதும்மா. கடுங்காப்பிதான்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பனியில வந்து நிக்கறீங்க?"

"வூட்ல படுத்துக்கினா, நான் வரலன்னு யாரு கேப்பா?"

ஒரு மார்கழிக் காலையில் கல் இருந்தது, அவர் இல்லை. பால் கொடுக்கத் தொடங்கியும் எங்களுக்குக் கால் நகரவில்லை. டீச்சர் முதலில் ஓட, பின்னாலேயே நாங்கள் பத்துப் பேரும் காலி பாட்டில்களோடு ஓடினோம். கதவைத் தட்டு தட்டென்று தட்டினோம். கொட்டாவி விட்டபடி திறந்தார். அசந்து தூங்கியிருக்கிறார்!

"எல்லாரும் இங்க வந்துட்டா க்யூவுல யாரும்மா கீறாங்க?" என்று கத்தினார்.

திரும்பி ஓடினால் பால் தீர்ந்திருந்தது. அன்று பதினொரு வீட்டிலும் கடுங்காப்பிதான்.

மறுநாள் வரிசையில் எங்களை ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தார். அத்தனை சந்தோஷமாகத் திட்டுகிற மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததேயில்லை.