காலிதீன் டெயிலர் பல்லால் கடித்த நூல்

கல்முனைக் கடைத்தெருவில் காலிதீன் டெயிலரைத் தெரியாதவர் இல்லை. தெரிந்தவர்களிடம் கேட்டால் அவரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒல்லியான மனிதர். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. பொய் சொல்லமாட்டார், அதனாலேயே எந்தச் சட்டையையும் இன்ன நாளில் தருவேன் என்று சொல்லவும் மாட்டார். மெஷின் அவருடையதல்ல, மனைவி சுஹறாவின் சீதனம். நமது கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு. இங்கே மெஷினும் பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த மெஷினுக்கு. வீட்டின் முன் அறைதான் கடை.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு நோன்பு மாதத்தில் புடைவைக் கடை சீனிமுகம்மது முதலாளி ஒரு தோல் பையோடு அங்கே வந்தார். பண்டாரவளையில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது சாமான்களை ஏலம் போட்டார். அதில் எடுத்த பை. நல்ல தேன் நிறம். முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னால் துரையும் வருவது போலிருக்கும். ஆனால் ஸிப்பின் பற்கள் உதிர்ந்துபோய், பை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"செருப்புத் தைக்கிறவன் ஏலாதெண்டுட்டான், காலிதீன். கொழும்பால புது ஸிப்பு எடுப்பிச்சிரிக்கன். போட்டுத் தாங்க."

"இது துணி தைக்கிற மெஷின், முதலாளி. பெருநாள் உடுப்பு வேற குமிஞ்சு கிடக்கு."

"அப்ப பெருநாளைக்கு நான் வாய் பிளந்த பையோடயா திரியிற?"

முதலாளியின் கடையில்தான் காலிதீன் துணி எடுப்பது. ஆகவே பையையும் எடுத்துக்கொண்டார்.

பழைய தையலைச் சவர பிளேட்டால் கண்ணி கண்ணியாக அறுத்தார். பழைய துளைகளிலேயே புதிய ஊசி இறங்க வேண்டும்; தவறினால் பக்கத்தில் இன்னொரு துளை விழும், தோலில் விழுந்த துளை பிறகு மூடாது. பருத்த ஊசியை மாட்டினார். அது பாதியில் சிக்கி நின்றது. ஊசிக்கும் தோலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினார். காலால் மிதிப்பதை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு துளையாக நகர்ந்தார். பையின் பாரம் ஊசியை இழுத்து முறித்துவிடாதபடி சுஹறா மறுபக்கம் தாங்கிப் பிடித்தாள். கடைசித் துளை முடிந்ததும், கத்தரிக்கோல் எட்டாத தூரத்தில் கிடந்ததால், வழக்கம்போல நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஸிப் சர்ரென்று ஓடியது. அதே கையோடு பெருநாள் உடுப்புகளில் இறங்கினார். பெருநாள் தொழுகையில் முன் வரிசை முழுவதும் காலிதீனின் தையல்தான்.

பெருநாள் கழிந்த கிழமை, தபால் கந்தோர் தங்கரத்தினம் முதலாளியின் வீட்டுக்கு வட்டிலப்பம் சாப்பிட வந்தார். முன்பு பதுளைப் பக்கம் தோட்டத்துக் கந்தோரில் வேலை பார்த்தவர். யாரையும் சந்தோஷப்படுத்தாமல் எழும்பிப் போகமாட்டார். மூலையில் இருந்த பையைத் தடவிப் பார்த்தார்.

"முதலாளி, லேசில கிடையாத சாமான் இது! எங்கட துரையிட்டயும் இப்பிடி ஒண்டு இருந்த. மயிர்க்குழி மூண்டு மூண்டா இருக்கு, கண்டீங்களா? அசல் பண்டித்தோல்!"

பன்றி என்று காதில் விழுந்ததும் முதலாளி பையை எறிந்தாரா, பை தானாகப் பறந்ததா என்பதில் நேரில் கண்டவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வேலியோரம் போய் விழுந்தது என்பதில் இல்லை. தங்கரத்தினம் கரண்டியோடு திகைத்து நின்றார். "நான் நல்லதாத்தானே சொன்னன்?"

பள்ளிவாசல் நிர்வாகிகளில் ஒருவரான பளீல் மரைக்கார் மூச்சிரைக்கக் காலிதீனிடம் ஓடிவந்தார். "காலிதீன்! முதலாளிட பை பண்டியாம்!"

காலிதீன் வாயைப் பொத்திக்கொண்டார். அதிர்ச்சியில் எல்லாரும் செய்வதுதான் என்று மரைக்கார் நினைத்தார். காலிதீனுக்கு ஞாபகம் வந்தது அந்த நூல். கிணற்றடிக்கு ஓடி, தண்ணீரும் மண்ணுமாக அள்ளி வாயில் போட்டுக் கொப்பளித்தார்.

"இஞ்சாருங்க! என்னத்துக்கு மண்ணத் திங்கிறீங்க?" என்று சுஹறா அலறினாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஊர் கூடியது. தொழுகை நடத்தும் லெவ்வை மார்க்கச் சட்டத்தைச் சொன்னார்: பன்றி நஜீஸ், அசுத்தம்; அது ஈரத்தோடு பட்ட பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால்.

"காய்ஞ்சதுல காய்ஞ்சது பட்டா நஜீஸ் ஒட்டாது. ஈரம் இருந்ததா, தம்பி?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். காலிதீனால் முடியவில்லை. "எண்ணெய் பூசின, லெவ்வ. மெஷினுக்குள்ளயும் எண்ணெய்தான்."

"அப்ப மெஷின் கழுவத்தான் வேணும்."

"ஓம், ஓம்!" என்று சபை ஒரே குரலில் சொன்னது. அடுத்தவன் மெஷினைக் கழுவும் விஷயத்தில் நமது ஊரின் ஒற்றுமையை யாரும் குறை சொல்ல முடியாது. மெஷினுக்குள் மண் போனால் அந்த வீட்டில் உலை வைப்பது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. காலிதீனும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அதுக்குப் பொறகு அதே ஊசியால தைச்ச உடுப்புகள் என்ன செய்யிற?"

"ஆருட உடுப்பு?"

"ஒங்கட ஜுப்பா, லெவ்வ. மரைக்காருட சட்ட. மறுகா… இஞ்ச இரிக்கிற எல்லாருட்டயும்தான்."

சபை தன் சட்டையைத் தானே குனிந்து பார்த்தது. அதோடு விசாரணையும் திசை மாறியது. அது பன்றிதானா என்பதை முதலில் பார்க்க வேண்டாமா? பையை எடுப்பித்து, அதன் ஓரத்தில் சிறு துண்டை வெட்டி நெருப்பில் போட்டார்கள். புகை எழுந்தது.

"இது பண்டி நாத்தந்தான்" என்றது பின்வரிசையிலிருந்து ஓர் அவசரக் குரல்.

"நீ எங்கடா பண்டி சுட்டு மணந்து பாத்த?" என்று கேட்டார் மரைக்கார்.

பிறகு மணந்து பார்த்தவர்கள் எல்லாரும் மாடு என்றார்கள். சிலர் அதன் வயதைக்கூடச் சொன்னார்கள். பை கன்றுக்குட்டித் தோல் என்று முடிவாகி, துஆ ஓதிக் கலைந்தார்கள். கன்றுக்குட்டியை முதலாளி அன்றைக்கே தங்கரத்தினத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், பை பாரம் கூடிப்போச்சு என்றார்.

மறுநாள் காலை காலிதீன் மெஷினைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். சுஹறா வழியை மறித்து நின்றாள்.

"ஊரே மாடெண்டுட்டாங்க. ஒங்களுக்கு மட்டும் என்ன வந்த? அது எண்ட வாப்பா தந்த மெஷின்!"

"மாடாயும் இரிக்கும், புள்ள. எண்ட பல்லுதான் நம்புதில்ல."

அவள் வழியை விட்டு விலகினாள். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

மண் கரைத்த தண்ணீர் மெஷினில் ஊற்றப்படும்போது வேலிக்கு மேலே பளீல் மரைக்காரின் தலை தெரிந்தது. அவர் முந்தினநாள் அடைந்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"டேய் காலிதீன்! நீ மெஷினக் கழுவினா எங்கட சட்டை என்னாகிற? எங்களயெல்லாம் நஜீஸெண்டு ஊருக்குச் சொல்றியா?"

"நான் எண்ட பொஞ்சாதிட மெஷினக் கழுவிறன், மரைக்கார். ஒங்கட சட்டதான் மாட்டோட சேர்ந்தாச்சே."

"இனி ஒரு பொத்தானும் ஒன்னட்டத் தைக்கமாட்டம்! சாய்ந்தமருதில றவூப் இரிக்கான்!"

சொன்னபடியே செய்தார்கள். ஊர் முழுவதும் றவூப் டெயிலரிடம் போனது. சுஹறா மண்ணெண்ணெயும் கோழி இறகுமாக உட்கார்ந்து, திட்டிக்கொண்டே ஒவ்வொரு துளையிலும் மண்ணை எடுத்தாள். சக்கரம் முதலில் அசையவில்லை. பிறகு நறநறத்துக்கொண்டு சுற்றியது. தைக்கத்தான் ஒரு துணியும் வரவில்லை. காலிதீன் மெஷினின் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையில் ஊரில் துணி காயப்போடும் கொடிகளில் ஒரு மாற்றம். புத்தம்புதிய பெருநாள் உடுப்புகள் ஈரத்தோடு தொங்கின, ஒவ்வொன்றிலும் லேசான மண் நிறம். ஜுப்பாவில் தேத்தண்ணி கொட்டிற்று என்றார் லெவ்வை. பளீல் மரைக்கார் வீட்டிலும் தேத்தண்ணிதான் கொட்டியிருந்தது. அந்தக் கிழமை கல்முனையில் குடித்ததைவிடக் கொட்டிய தேத்தண்ணிதான் கூட.

கடைசியில் ஒரு நாள், மரைக்காரின் மனைவி நாச்சியா, மகளின் கலியாணத் துணிகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் வந்தாள்.

"சுஹறா, இது கழுவின மெஷின்தானேகா?"

"மரைக்கார் எங்களட்டத் தைக்கமாட்டன் எண்ட."

"அவரு சொன்ன அவருட சட்டைக்கு. றவூப்ட மெஷின்ல ஆரார் என்னென்ன தோலத் தைச்சானுகளோ, ஆருக்குகா தெரியும்? கழுவினதெண்டு நாம கண்ணால கண்டது இந்த ஒண்டத்தானே!"

இந்த யோசனை ஊரில் யாருக்கும் அதுவரை வரவில்லை. வந்த பிறகு யாரையும் விடவுமில்லை. மருதமுனையிலிருந்து வந்தார்கள், சம்மாந்துறையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். காலிதீனின் முன் அறையில் துணி கூரையைத் தொட்டது. சந்தேகமில்லாத மெஷின் என்று பெயர் வாங்கியதில் யாரையும்விட அதிகம் அதிர்ந்து போனவர் காலிதீன்தான். பைக்கு ஸிப் போட்டதே பிழை என்று அவர் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் சுஹறா அளவு நாடாவை இழுத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதில் வீதியோரம் கூட்டம் கூடியது. தன் வாழ்நாளில் தோல் பை ஒன்றைத் தொட்டே அறியாத றவூப் டெயிலர், மெஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார். மண் வாளியோடு அவருடைய மனைவி பின்னால் போனாள்.