சணலில் எடுத்த அளவு

மலைக்குக் கீழேயிருந்து எதை வாங்குவதென்றாலும் நாங்கள் கயிற்றைத்தான் அனுப்புவோம். செருப்போ, வளையலோ, அண்டாவுக்கு மூடியோ, அளந்து முடிச்சுப் போட்டுக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் போதும். வத்தலக்குண்டில் கடைக்காரர் கயிற்றை வைத்துப் பார்த்துச் சாமானைக் கொடுத்தனுப்புவார். எழுதிக் கொடுத்தால் ஏதாவது தப்பாகப் படிப்பார்கள், கயிறு பொய் சொல்லாது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

எழுபதுகளின் கடைசியில் கோடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் விடுதியில் எனக்குத் துணி வெளுக்கிற வேலை. வீட்டில் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. ஒரு கை மட்டும் அசையும். அண்ணன்மார் மதுரைப் பக்கம் போய்விட்டார்கள், மகராசன்களாக இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு விடும் ஒரு மணி நேரத்தில் நான் ஏரியைச் சுற்றி வீட்டுக்குப் போய், அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நடந்தால் போகவே நேரம் சரியாகிவிடும். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தி விட்டுப்போன சைக்கிள்தான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. குட்டைச் சக்கரம், தடித்த டயர். மேட்டில் தள்ளிக்கொண்டு போனாலும் இறக்கத்தில் ஈடுகட்டிவிடலாம்.

ஆவணி மழையில் பின் டயர் வாயைப் பிளந்தது. ஏரிக்கரையில் வாடகைக்கு விடுகிற சைக்கிள்களின் டயர் எதுவும் அதற்குச் சேரவில்லை. பழைய டயரில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது.

ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். "இந்தச் சைஸு நம்மகிட்ட இல்லக்கா. ரிம்மைச் சுத்தி அளவெடுத்துக் கீழ அனுப்புங்க."

டயரைக் கழற்றி, ரொட்டிப் பார்சலில் வந்த சணலை ரிம்மைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டேன். வாசலில் வைத்துத்தான் செய்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது, சணல் சொதசொதவென்று ஊறியிருந்தது. மறுநாள் வெள்ளனே கண்டக்டரிடம் கொடுத்தேன்.

அதன்பிறகு காத்திருப்புத்தான். காலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, கைக்கெட்டும் இடத்தில் சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வர இருட்டிவிடும். வரும்போதெல்லாம் பயந்துகொண்டே வருவேன். ஆனால் படுக்கை காய்ந்தே கிடந்தது. பரவாயில்லையே, உடம்பு தேறுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அலுத்துப்போனவளுக்கு எதையும் நம்புவது சுலபம்.

டயர் வந்தது. நான் அனுப்பிய சணலாலேயே கட்டி அனுப்பியிருந்தார்கள். மாட்டிப் பார்த்தால் ரிம்மில் நிற்காமல் தொளதொளவென்று ஆடியது. காற்றடித்தால் ஒரு பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. கண்டக்டரைப் பிடித்துச் சண்டை போட்டேன்.

"கயித்த வச்சு அளந்து பாத்துத்தாங்க குடுத்தாரு. நானே கூட நின்னேன்" என்றார் பாவம்.

வீட்டுக்கு வந்து அதே சணலை ரிம்மில் சுற்றினேன். என் முடிச்சுதான், ஆனால் நாலு விரல் நீண்டிருந்தது. கோபத்தில் அதைக் கொடியில் வீசிவிட்டுப் படுத்தேன். ராத்திரி முழுக்கச் சாரலில் நனைந்த சணலைக் காலையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தால் ரிம்முக்குக் கச்சிதமாக இருந்தது. மழையில் சுருங்கியதை அளந்து வெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், அது அங்கே போய்க் காய்ந்து நீண்டிருக்கிறது. நாள் முழுக்க ஈரத்துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

இந்தத் தடவை மெல்லிசான இரும்புக் கம்பியை ரிம்மில் வளைத்து முறுக்கி அனுப்பினேன். வத்தலக்குண்டில் அந்த அளவே இல்லையாம். மதுரையில் ஏதோ பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து அனுப்ப இன்னும் சில வாரம் ஆயிற்று. வந்த டயர் ஏற்கெனவே ஓடிய டயர்தான். ஆனால் ரிம்மில் கப்பென்று உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு மதியமே மழையில் மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா விழித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. காலையில் வைத்த சொம்பில் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. ஒரு மடக்குக்கூடக் குறையவில்லை.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சா வரும்ல. நீ ராத்திரி வர்ற வரைக்கும் அதுலேயே கெடக்கணும்."

இத்தனை நாளும் படுக்கை காய்ந்து கிடந்த ரகசியம் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தாங்கி, சொம்பை வாயருகே கொண்டுபோனேன்.

"சைக்கிள் சரியாயிருச்சும்மா. இனிமே தெனமும் மத்தியானம் வந்துருவேன். குடி."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழை விடவில்லை.

"டயரு தாங்குமா?"

"தாங்கும்மா. அளவு சரியா இருக்கு."

போன தடவையும் டயர் வந்த அன்று, மாட்டிப் பார்க்கும் முன்பே நான் இதையேதான் சொல்லியிருந்தேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, அசைகிற கையால் சொம்பை மெல்ல ஒதுக்கினாள்.

"நாளைக்கும் வா தாயி. வந்தேன்னா குடிக்கிறேன்."